விழுந்த பிறகும் அசைந்த கால்

உங்கள் மாமா வீட்டுக்கு வந்தால் அப்பா ஏன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார் என்று நீங்கள் மூன்று பேருமே ஆளுக்கொரு தடவை கேட்டுவிட்டீர்கள். பெரியவனிடம் முதுகு வலி என்றேன். நடுவுள்ளவனிடம் தூக்கம் வருகிறது என்றேன். சின்னவள் கேட்டபோது காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன். காதுகுத்துக்கு உங்கள் மூவரையும் மடியில் வைத்துக்கொண்டவர் அவர். அவர் வந்தால் நீங்கள் ஓடிப்போய்க் கட்டிக்கொள்வதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் காரணம் தெரியாமல், நம் அப்பன் ஒரு முசுடு என்று நினைத்துக்கொண்டு நீங்கள் வளரக் கூடாது. நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் பெரியவன் திருத்திக்கொள்ளட்டும். நடந்ததில் திருத்த ஒன்றும் இல்லை.

நான் நடந்துகொண்டிருந்த காலத்தில், அதாவது எழுபதுகளில், பழங்காநத்தத்தில் உங்கள் மாமாவும் நானும் சேர்ந்து மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தோம். அவர் உங்கள் அம்மாவின் அண்ணன், எனக்கு மச்சான். பம்புசெட் மோட்டார் கரிந்துபோனால் பழைய செம்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்போம். கடையில் உட்கார்ந்து செய்கிற வேலை பாதிதான். கிணற்றுக்குள் இறங்கி மோட்டாரைக் கழற்றி மேலே ஏற்றுவது மீதிப் பாதி. மழை இல்லாத வருஷங்களில் தண்ணீர் கீழே போகப்போக, விவசாயம் பார்க்கிற சம்சாரிகள் மோட்டாரையும் கீழே கீழே இறக்குவார்கள். எழுமலைப் பக்கம் சில கிணறுகளின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் வானம் ஒரு தாம்பாளம் அளவுக்குத்தான் தெரியும்.

மோட்டாரை மேலே ஏற்ற ஒரு முறை உண்டு. கிணற்று மேட்டில் மூன்று கட்டைகளைச் சேர்த்துக் கட்டிக் கப்பி மாட்டுவோம். கயிற்றின் நுனியில் இரண்டு சுருக்கு. ஒன்று மோட்டாரின் தலைப்பக்கம், ஒன்று வால்பக்கம். மேலே இழுக்க இழுக்க இரண்டு சுருக்கும் ஒன்றையொன்று நெருங்கி மோட்டாரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், சுவரில் இடிக்காமல் ஏறிவரும். அந்தச் சுருக்குப் போடுவதில் உங்கள் மாமாவை மிஞ்ச ஆள் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு போடுவார்.

நான் விழுந்த அன்றைக்கு எழுமலையைத் தாண்டி ஒரு சம்சாரியின் தோட்டத்துக் கிணறு. நான் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தேன். படிக்காகச் சுவரில் நீட்டிவிட்டிருந்த கல்லில் பாசி. இரண்டு ஆள் உயரத்திலிருந்து வழுக்கி, மோட்டார் வைத்திருந்த கல்மேடையின் விளிம்பில் நடுமுதுகு அடிபட விழுந்தேன். கொஞ்ச நேரம் மூச்சு வரவில்லை. வந்த பிறகு பார்த்தால் இடது கால் தண்ணீருக்குள் கிடந்தது. அதைத் தூக்கிப் பக்கத்தில் போன இரும்புக் குழாயின் மேல் வைத்தேன். குழாய் பாதத்தில் ஜில்லென்று பட்டது. இதை நினைவு வைத்துக்கொள்ளுங்கள். காலை நான் தூக்கினேன். குழாய் குளிர்ந்தது.

மேலே ஏதோ கூச்சல். உங்கள் மாமா இறங்கி வந்தார். "ஒண்ணுமில்ல மாப்ள, ஒண்ணுமில்ல, கண்ண மூடாதீக" என்று சொல்லிக்கொண்டே எனக்கும் அந்த இரட்டைச் சுருக்கைப் போட்டார். ஒன்று அக்குளுக்கடியில், ஒன்று முழங்காலுக்கடியில். மேலே இழுத்தார்கள். இரண்டு சுருக்கும் நெருங்கி வந்தன. என் முழங்கால் என் நெஞ்சில் வந்து இடித்தது. முதுகுக்குள் ஏதோ ஒன்று இடம் மாறியது. சூடாக ஒன்று இடுப்புக்குக் கீழே இறங்கிப் பரவியது. பிறகு இடுப்புக்குக் கீழே எதுவுமே இல்லாத மாதிரி ஆயிற்று. அதற்கப்புறம் எனக்கு நினைவில்லை.

மதுரையில் அரசாங்க ஆஸ்பத்திரியில் கண் விழித்தேன். இரண்டு பக்கமும் மணல்மூட்டை வைத்து மல்லாக்கப் போட்டிருந்தார்கள். புரட்ட வேண்டுமென்றால் மூன்று பேர் வருவார்கள். தலை, இடுப்பு, கால் என்று ஆளுக்கோர் இடத்தில் பிடித்து, ஒருவர் சொல் கொடுக்க, மரத்தடியை உருட்டுகிற மாதிரி வளையாமல் உருட்டுவார்கள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கயிறு நினைவுக்கு வந்தது. அடிபட்ட முதுகை வளைக்கக் கூடாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. நாளைக்கு யாராவது மரத்திலிருந்தோ மாடியிலிருந்தோ விழுந்து கிடந்தால், பிள்ளைகளா, கையைப் பிடித்துத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். தண்ணீர் கொடுக்கிறேன் என்று தலையை நிமிர்த்தாதீர்கள். கதவோ பலகையோ கட்டிலோ கொண்டுவந்து, நாலு பேர் சேர்ந்து, ஆள் எப்படிக் கிடக்கிறானோ அப்படியே நேராக அதில் மாற்றுங்கள். அரைமணி தாமதமானாலும் பரவாயில்லை.

நாலாம் நாள் டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"முதுகெலும்பு ஒரே எலும்பு இல்லப்பா. ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குனது. நடுவுல ஓட்டை. அந்த ஓட்டை வழியா மூளையிலேர்ந்து ஒரு வடம் இறங்குது, சுண்டுவிரல் தண்டி. தண்டுவடம்னு பேரு. கால ஆட்டுன்னு மூளை சொல்றதும் அது வழியாத்தான் போகணும், கால்ல முள்ளு குத்துனா அந்தச் சேதி மேல வர்றதும் அது வழியாத்தான். இந்தா பாரு, இந்த எலும்பு முன்னால நழுவி நிக்குது. உள்ள வடம் நசுங்கிருக்கு."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. குழாய்க்குள் கேபிள். எங்கள் தொழிலில் தினமும் பார்க்கிறதுதானே.

"அப்ப அந்த எடத்துல ஜாயிண்ட் போட்ரலாமுங்களா சார்? எத்தனையோ கம்பிக்கு நான் ஈயம் வச்சிருக்கேன்."

பக்கத்தில் நின்ற உங்கள் மாமா, "எம்புட்டுக் கரிஞ்ச மோட்டாரா இருந்தாலும் எங்க மாப்ள ஓட வச்சிருவாரு சார். அவரு ஓடாமப் போயிருவாரா" என்றார். பக்கத்துக் கட்டிலில் கிடந்தவர்கூடச் சிரித்தார்.

டாக்டர் சிரிக்கவில்லை. "கம்பிக்கு உயிர் இல்ல, அதனால ஒட்டுது. இது உயிருள்ளது. வெண்ணெய் மாதிரி மெத்துனு இருக்கும். நசுங்குன எடம் தழும்பாயிரும். தழும்பு வழியா சேதி போகாது. அத ஒட்ட வைக்க இன்னிக்கு உலகத்துல யாருக்கும் தெரியாது."

அப்போதுதான் நான் சொன்னேன்: "சார், கெணத்துக்குள்ள காலு அசஞ்சுச்சு. நாந்தேன் தூக்கி வச்சேன்."

டாக்டரின் முகம் மாறியது. என்னை விட்டுவிட்டு உங்கள் மாமா பக்கம் திரும்பினார். "நீதானே தூக்குனது? அட்மிட் பண்ணறப்ப வேற சொன்ன. நல்லா யோசிச்சுச் சொல்லு. விழுந்த உடனே கால் அசஞ்சுச்சா, இல்லையா?"

உங்கள் மாமா என் முகத்தைப் பார்க்கவில்லை. "இல்ல சார். விழுந்தப்பவே தொவண்டுதேன் கெடந்துச்சு. அவரு மயக்கத்துல இருந்தாரு. அப்படித் தோணுது அவருக்கு."

மயக்கத்தில் கிடந்தவன் பேச்சா, தெளிவாக நின்றவன் பேச்சா? டாக்டர் யாரை நம்புவார். அந்தப் பதிலையே சீட்டில் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த சீட்டில் அது ஒரு வரியாக இருந்தது. இங்கிலீஷ் தெரிந்த ஒருவரைப் படித்துச் சொல்லச் சொன்னேன். விழுந்தவுடனேயே இரண்டு கால்களும் செயலிழந்தன, கூட இருந்த உறவினர் கூற்று, என்று இருந்ததாம்.

அந்த ஒரு வரி ஏழு வருஷம் என்னோடு படுத்திருந்தது. கால் போனதைக்கூட ஏற்றுக்கொண்டேன். நான் தூக்கி வைத்த காலை நான் தூக்கவே இல்லை என்கிறார்களே, அதை ஏற்க முடியவில்லை. இரண்டு மாசம் கழித்து என் கால்கள் தானாக வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தன. நடை வந்துவிட்டது என்று அழுதேன். அது நடை இல்லை, அடிபட்ட இடத்துக்குக் கீழே இருக்கிற தண்டுவடம் மூளையைக் கேட்காமல் தானாக ஆட்டுவது என்று சொல்லிவிட்டார்கள். உங்கள் மாமாவுக்கு அது வசதியாகப் போயிற்று. "பாத்தீகளா மாப்ள, இந்த வெட்டுதேன் ஒங்களுக்குக் கெணத்துல நடந்த மாதிரி தோணுது. மனசப் போட்டு ஒழப்பாதீக" என்பார். நான் விடாமல் சொன்னால் உங்கள் அம்மாவும், "ஏங்க, எதுக்குத் திரும்பத் திரும்ப அதையே" என்று எழுந்து போய்விடுவாள். கடைசியில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. குழாயின் குளிர்ச்சி கனவில் பட்டதுதானோ என்று நினைக்கத் தொடங்கினேன். ஒரு மனிதனைச் சொந்த நினைவின் மேலேயே சந்தேகப்பட வைப்பது சின்னக் காரியம் இல்லை.

உங்கள் மாமா செய்ததையும் சொல்லத்தான் வேண்டும். ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்தார். வில்லாபுரத்தில் இந்த வீட்டைப் பார்த்து வைத்ததும் அவர்தான். மோட்டார் காயில் சுற்றுகிற வேலையை வீட்டுக்கே அனுப்பினார். கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர வண்டிக்கு அலைந்ததும் அவர்தான். அதனால்தான் அவர் சொன்னதை நம்பினேன். இம்புட்டுச் செய்கிறவர் பொய் சொல்வாரா என்று.

ஏழு வருஷம் கழித்து ஒருநாள் காலையில் அந்த எழுமலைச் சம்சாரி, கரிந்துபோன ஒரு மோட்டாருக்கு ஆள் தேடிக்கொண்டு விசாரித்து வீட்டுக்கே வந்துவிட்டார். என்னைப் பார்த்ததும் துண்டை எடுத்துவிட்டுக் கும்பிட்டார்.

"அண்ணே, நீங்களா. அன்னிக்கே போய்ச் சேந்திருப்பீகன்னுல்ல நெனச்சேன்."

"பாதி போய்ச் சேந்துருச்சு. மீதிதேன் இங்க ஒக்காந்திருக்கு" என்றேன்.

அவர் சிரிக்கப் போய் என் காலைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "ஒங்க மச்சான் எம்பேச்சக் கேக்கலையே. கட்டில இறக்குவோம், படுக்கவச்சுத் தூக்குவோம்னு மேல நின்னு கத்துனேன். நீங்க கால எடுத்துக் கொழாய் மேல வச்சீகளா, அதப் பாத்துட்டு, 'இந்தா கால ஆட்டுறாருல்ல, ஒண்ணுமில்ல, கயித்தப் போடு'ன்னு அவருதேன் சொன்னாரு. மோட்டார விடச் சுளுவாத் தூக்கிட்டாகளேன்னு எங்க ஆளுககூடப் பேசிக்கிட்டாக."

என் கையிலிருந்த கம்பி அறுந்துவிட்டது. "அதத் திருப்பிச் சொல்லுங்க" என்றேன். அவர் ஒன்றும் தெரியாமல் அப்படியே திருப்பிச் சொன்னார்.

திங்கட்கிழமை, படுத்துப் படுத்து வந்த புண்ணுக்கு மருந்து கட்டப் போகிற நாள். அதே டாக்டர் பெரிய டாக்டராகித் திரும்ப அங்கேயே வந்திருந்தார். சம்சாரி சொன்னதைச் சொல்லிக் கேட்டேன். அவர் பழைய சீட்டை வாங்கி இரண்டு தடவை படித்தார்.

"விழுந்த உடனே கால் நின்னுபோச்சுன்னா வடம் அப்பவே முழுசா போச்சுன்னு அர்த்தம். தெறந்து பாத்தும் பெருசா பிரயோசனம் இருக்காதுன்னு நான் விட்டேன். மொதல்ல அசஞ்சு, அப்புறம் நின்னிருந்தா அது வேற. நழுவுன எலும்பு வடத்த அமுக்குது. அந்தக் கொஞ்ச நாளுக்குள்ள ஆபரேஷன் பண்ணி அமுக்கத்த எடுத்துவிட்டா, எவ்வளவோ ஒண்ணு திரும்பியிருக்கலாம். திரும்பாமயும் போயிருக்கலாம். என்னால உறுதியாச் சொல்ல முடியாது."

"அந்த வெட்டு இழுப்புத்தேன் எனக்கு அப்படித் தோணுதுன்னாங்களே சார்."

"அடிபட்ட புதுசுல கால் தொவண்டு கெடக்கும்பா. அந்த இழுப்பு வர வாரக்கணக்காகும். விழுந்த அன்னிக்கு உன் கால் அசஞ்சிருந்தா, நீதான் அசைச்சிருக்க."

தூக்கினவரை வந்து சொல்லச் சொல், புதுச் சீட்டில் நானே எழுதிக்கொடுக்கிறேன் என்றார். அது போதும் என்று இருந்தது எனக்கு. காலைத் திருப்பிக் கேட்கவில்லை. அந்த வரியை மாற்ற வேண்டும்.

நேரே பழங்காநத்தம் கடைக்கு வண்டியைவிட்டேன். உங்கள் மாமா வார்னிஷ் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"மச்சான், எழுமலைச் சம்சாரி வந்திருந்தாரு."

"எந்தச் சம்சாரி?"

"கட்டில இறக்கச் சொன்னவரு."

டப்பாவைக் கீழே வைத்தார். கடைக்கு வந்திருந்த ஆளை, "அப்புறமா வாங்கண்ணே" என்று அனுப்பிவிட்டு என் வண்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"மேல கொண்டாந்து கெடத்துனப்ப ரெண்டு காலும் தொங்கிப்போச்சு மாப்ள. எங்கையிலதேன் போச்சுன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. கட்டில் கொண்டார அரைமணியாகும்னாங்க, அதுக்குள்ள நீங்க செத்துருவீகன்னு நெனச்சுத்தேன் கயித்தப் போட்டேன். ஆசுபத்திரியில போலீசுக்காரரு நோட்ட வச்சுக்கிட்டு நிக்கிறாரு. அப்படி வாயில வந்துருச்சு."

"மொத நாளு வாயில வந்துச்சு. நாலாம் நாளு நான் முழிச்சுக்கிட்டு டாக்டர்கிட்டச் சொன்னப்ப?"

"ஒருக்காச் சொன்னத எப்படி மாத்திச் சொல்றது?"

"ஏழு வருசமா என்னையக் கிறுக்கனாக்குனீகளே, அது?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒங்களுக்கு என்ன கொறை வச்சேன் மாப்ள? சோறு கொண்டாரலையா? வண்டி வாங்கித் தரலையா? சொல்லுங்க."

கயிறு போட்டதை நான் அந்த இடத்திலேயே மன்னித்துவிட்டேன், பிள்ளைகளா. அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். எங்களுக்குத் தெரிந்த சுருக்கு அது ஒன்றுதான். "வர்ற திங்கக்கெழமை ஆசுபத்திரிக்கு வந்து டாக்டர்கிட்ட உள்ளதச் சொல்லுங்க மச்சான். வேற எதுவும் வேண்டாம்" என்றேன். "வாரேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் சொன்னதையும் சொன்னேன். அவள் அரிசியில் கல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆபரேஷன் என்று நான் சொன்ன இடத்தில் கை நின்றது. அதற்கு முன்னால் நிற்கவில்லை. 'எங்க அண்ணனா அப்படிச் சொன்னாரு' என்று அவள் கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணி வரை ஆஸ்பத்திரி வாசலில் வண்டியில் உட்கார்ந்திருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்களை எல்லாம் பார்த்தேன். உங்கள் மாமா வரவில்லை. உங்கள் அம்மா வந்தாள். அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே வந்திருப்பாள் போல, சேலை நுனியில் கரி. "உள்ள போவோம்" என்றாள்.

டாக்டர் முன்னால் நின்று, "காலு அசஞ்சுச்சுங்க சார். எங்கண்ணன் பாத்திருக்கு. அதுவே எங்கிட்டச் சொல்லுச்சு" என்றாள்.

டாக்டர் பேனாவை எடுத்தார். "எப்பம்மா சொன்னாரு? போன வாரமா?"

"இல்லங்க. இவர இங்கச் சேத்த பத்தாம் நாளு. அழுது அழுது சொல்லுச்சு. வெளிய சொன்னா போலீசு கேசாயிரும், நானும் உள்ள போயிட்டா ஒங்களுக்குக் கஞ்சி ஊத்த யாரு இருக்கான்னு கேட்டுச்சு. கையில ரெண்டு பிள்ள, வயித்துல ஒண்ணு. அத வச்சு வைத்தியமே மாறும்னு எனக்குத் தெரியாதுங்க சார்."

டாக்டர் தலையை நிமிர்த்தவே இல்லை. எழுதினார், கையெழுத்துப் போட்டார், சீட்டை என்னிடம் கொடுத்தார். நான் ஏழு வருஷம் கேட்ட வரி அது. கையில் வாங்கும்போது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. பத்தாம் நாள், பத்தாம் நாள் என்று மட்டும் மண்டைக்குள் ஓடியது. உங்கள் மாமா பயந்த ஆள், பொய் சொல்லிவிட்டார். ஆனால் நான் கனவா நிஜமா என்று தவித்த நாளெல்லாம் நிஜம் என்று தெரிந்த ஒருத்தி எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் அவள் வழக்கம்போல வண்டியின் பின்னால் கை வைத்தாள். நான் சக்கரத்தை வேகமாகச் சுற்றினேன். அவள் கை நழுவியது. வைகைப் பாலம் ஏறி, கூட்டத்துக்குள் மணி அடித்து, கை வலிக்க வலிக்கச் சுற்றிக்கொண்டு போனேன். பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. அவளைக் காணக்கூடாது என்று ஒரே மூச்சில் வில்லாபுரம் வந்து சேர்ந்தேன்.

நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தீர்கள். வாசலில் இரண்டு படி. வண்டியைவிட்டு இறங்க எனக்கு வழியில்லை. பூட்டிய கதவுக்கு முன்னால் வெயிலில் உட்கார்ந்திருந்தேன். எதிர் வீட்டுக்காரர், "என்னண்ணே, வெளியவே இருக்கீக" என்று கேட்டதற்கு, "சும்மாதேன்" என்றேன். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது. வெகுநேரம் கழித்து உங்கள் அம்மா நடந்தே வந்து சேர்ந்தாள். கால் முழுக்கப் புழுதி. பூட்டைத் திறந்துவிட்டு வந்து, என்னை உள்ளே தூக்கிப்போக என் முன்னால் குனிந்தாள். அவள் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டேன். வேறு எங்கே போட?